முனியப்பனிடம் கேட்கப்போன ஓப்பனர்

என் கணவர் மாதேஷ் மலேசிய கிரிக்கெட் அணியின் ஓப்பனிங் பேட்ஸ்மேன். கிள்ளானில் இதைச் சொன்னால், நம் நாட்டில் கிரிக்கெட் டீம் இருக்கிறதா என்று கேட்பார்கள். தர்மபுரியில் சொன்னால், இந்தியா டீமில் எப்போது ஆடுவார் என்று கேட்பார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். நான் பிறந்து வளர்ந்தது கிள்ளான். இவர் மாரண்டஹள்ளிப் பக்கத்துத் தக்காளித் தோட்டத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காக எங்கள் ஊருக்கு வந்தவர். வந்தவர் சனி ஞாயிறு சும்மா இருந்திருக்கலாம். கிளப்பில் சேர்ந்தார், ஆடினார், பல வருஷம் அங்கேயே குடியிருந்ததால் நாட்டுக்கே ஆடும் தகுதியும் வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஹாலில் பேடும் கிளவுஸும் காய்ந்துகொண்டிருக்கின்றன.

ஓப்பனர் என்றால் என்ன வேலை என்று எனக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. பந்து புதிதாக, கெட்டியாக இருக்கும்போது முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். எதிரணியிலேயே வேகமான ஆள் முழுத்தெம்போடு ஓடிவருவான். அவனை அடிக்கவும் கூடாது. பாதிப் பந்தைத் தொடாமல் விட வேண்டும், மீதியைத் தடுக்க வேண்டும், உடம்பில் வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ள வேண்டும். பந்து பழசாகி மெத்தென்று ஆன பிறகு இவர் அவுட்டாகி வந்து உட்காருவார். பின்னால் வருகிறவர்கள் விளாசிக் கைதட்டல் வாங்குவார்கள். நேபாளத்தில் ஒரு முறை பனிமூட்டத்தில் காலையிலிருந்து மதியம் வரை நின்று அணியைக் காப்பாற்றினார். மறுநாள் பேப்பரில் வந்ததோ கடைசியில் நாலு சிக்ஸர் அடித்த பையனின் படம். எனக்குத்தான் வயிறு எரிந்தது, இவர் அந்தப் பேப்பரை விரித்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன பருவத்தில் ஒரு பந்து இவர் ஹெல்மெட்டில், இடது காதுக்கு மேலே, வந்து மோதியது. மைதானத்தில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றுமில்லை, இன்னொரு தடவை இப்படிப் பட்டால் நான் எதற்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார். அடுத்து ஒரு தகுதிச் சுற்று வருகிறது. வருகிறீர்களா இல்லையா என்று தேர்வாளர்கள் கேட்டார்கள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, ஊருக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார் இந்த மனுஷர். என் கருத்தைக் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்: போதும். என்னைக் கேட்காமல் தர்மபுரி மாவட்டத்தைக் கேட்கக் கிளம்பினார். நானும் பின்னாலேயே கிளம்பினேன்.

விடுமுறைக்குப் போகிற ஆள் மட்டையும் பேடும் அடைத்த கிட் பையை எதற்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்? சவப்பெட்டி நீளத்துக்கு இருக்கும் அந்தப் பையை ஓசூரில் பஸ்ஸுக்குள் ஏற்றுவதற்குள் கண்டக்டருக்கும் எங்களுக்கும் பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது. கடைசியில் பின்கதவு ஓரம், யாரோ ஏற்றியிருந்த கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஒரு அம்மா அதன்மேலேயே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு கன்னடத்தில் ஏதோ சொன்னார், பஸ்ஸே சிரித்தது. என்னவாம் என்று கேட்டேன். "உள்ள யாரைப் படுக்க வெச்சிருக்காங்கன்னு கேக்குறாங்க" என்றார் இவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். எங்கள் ஊரில் நெடுஞ்சாலையில் ஏறினால் கார் இறங்கும் இடத்தில்தான் நிற்கும். இங்கே பஸ் கையைக் காட்டினாலும் நின்றது, கையைக் காட்டாமல் சும்மா நின்றவர்களுக்காகவும் நின்றது. டிரைவர் இறங்கிப் போய் ஒருவரிடம் கல்யாணப் பத்திரிகை வாங்கிக்கொண்டு வந்தார்.

மாரண்டஹள்ளியில் கூட்டத்தோடு கூட்டமாக எங்களை இறக்கித் தள்ளிவிட்டு பஸ் போய்விட்டது. கிட் பையும் அதோடு போய்விட்டது. நான் கத்திக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினேன். இவர் நின்ற இடத்திலேயே நின்றார். வீட்டில் அந்த மட்டைகளை நான் துடைக்கத் தொட்டாலே சண்டைக்கு வருகிறவர், "விடு கஸ்தூரி, போனாப் போவுது" என்றார். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். எரிச்சலில் தட்டவில்லை. எங்களை அழைத்துப்போக வந்திருந்த இவருடைய அண்ணன் கோவிந்தராஜ் மாமா பைக்கை முறுக்கிக்கொண்டு பாலக்கோடு வரை பஸ்ஸைத் துரத்திப்போய், பையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். சிரித்த முகத்தோடு வந்தார். அவருக்குத் தம்பியின் பேட் என்றால் சாமி சிலை மாதிரி.

அத்தை, என் மாமியார், ராகிக்களியும் கீரைக் கடையலும் செய்து வைத்திருந்தார். களியை மெல்லக் கூடாது, கடையலில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் எனக்குப் பாடம் நடக்கும். ஒவ்வொரு தடவையும் நான் மென்றுவிட்டு, பல்லிலும் மேலண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு, பேச முடியாமல் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரம் பார்த்துத்தான் பேச்சு வந்தது. தகுதிச் சுற்றுக்குப் போகத்தான் வேண்டும், இன்னும் ஒரே ஒரு தடவை, அதில் ஜெயித்தால் உலகக்கோப்பைக்கே ஒரு வழி இருக்கிறது என்றார் மாமா. மண்டையில் அடிபட்ட பிள்ளை எதற்குப் போக வேண்டும் என்றார் அத்தை. இவர் களியை உருட்டிக்கொண்டே இருந்தார். பத்து வருஷத்துக்கு மேல் பந்தைத் தொடாமல் விட்டுப் பழகிய ஆள், பேச்சையும் அப்படியே விட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்குடா வளவளன்னு? முனியப்பன்கிட்ட பூ கேட்டுரலாம்" என்றார் அத்தை.

இந்தக் குடும்பத்தில் எதையும் ஆளைப் பார்த்துக் கேட்டு முடிவு செய்வதில்லை. கம்பைநல்லூர்ப் பக்கம் இருக்கும் குலதெய்வம் முனியப்பனிடம் போய்விடுவார்கள். கிணறு எங்கே வெட்டுவது, மாட்டை விற்கலாமா, பெண்ணை அந்த இடத்தில் கொடுக்கலாமா, எல்லாம் அவரிடம்தான். இலைத்துண்டு ஒன்றில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் சிவப்புப்பூ. மடித்துப் பொட்டலமாகக் கட்டி சாமி முன்னால் போட வேண்டும். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். யாருக்காகக் கேட்கிறோமோ அவரே பொட்டலம் கட்ட வேண்டும், வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் எடுக்க வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். மாமாவின் மனைவி பிரசவம் பார்க்கத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். ஆக, எடுக்க வேண்டியவள் நான்.

என்னால் முடியாது என்று களிவாயோடு சொன்னேன். அத்தை என் கன்னத்தைத் தட்டினார். "உன்னைக் கட்டலாமான்னும் இப்படித்தான் கண்ணு கேட்டோம். மாதேசுதான் கட்டிப் போட்டான், பெரிய மருமவ எடுத்தா. மொத எடுப்புலயே வெள்ளை. இல்லன்னா கண்காணாத ஊருப் பொண்ணை எப்படிக் கட்டி வெக்கிறது?" என்றார். இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தெரியவே தெரியாது. நான் காதல் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவரைத் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் குடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

மறுநாள் ஊர் கிரவுண்டில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட். இவர்தான் சிறப்பு விருந்தினர். நுழைவில் பதாகை கட்டியிருந்தார்கள். தலை இவருடையது. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ, நீலச் சட்டையில், இடது கை ஆட்டக்காரராக நின்றார். இவர் வலது கை, ஆடுவது மலேசியாவுக்கு என்று நான் கமிட்டிக்காரரிடம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மஞ்சள் சட்டை போட்ட படமும் இருந்தது, நீலம்தான் எடுப்பாக இருந்தது என்றார். சால்வை போர்த்தினார்கள், கேசரி கொடுத்தார்கள், மேலும் ஒரு சால்வை போர்த்தினார்கள். அந்த வெயிலில் இரண்டு சால்வையோடு சர்வதேச ஆட்டக்காரர் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு தொடக்கப் பந்து. சிறப்பு விருந்தினர் மட்டையோடு நிற்பார், யாராவது மெதுவாக ஒன்றைப் போடுவார்கள், அவர் தட்டிவிடுவார், எல்லோரும் கைதட்டுவார்கள். எல்லா ஊரிலும் வட்டச் செயலாளர்கூட வேட்டியை மடித்துக்கட்டி இதைச் செய்துவிடுகிறார். ஒல்லியாக ஒரு ஆள் நாலு எட்டு ஓடிவந்து போட்டான். வேகமே இல்லை. இவர் காலை நகர்த்தி லெக் பக்கம் ஒதுங்கினார். பந்து தத்தித் தத்திப் போய் ஸ்டம்பைச் சாய்த்தது.

கிரவுண்ட் அமைதியாகிவிட்டது. ஒரு நொடிதான். "நோ பால்! நடுவர் நோ பால் என அறிவித்துவிட்டார்!" என்று மைக் அலறியது. நடுவர் அப்போது கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. மாதேஷ் அண்ணன் வேண்டுமென்றே விட்டார், ஊர்ப்பையனுக்கு விக்கெட் கொடுத்தார் என்று என் பின்னால் ஒருவர் விளக்கினார். அடுத்த பந்தை இவர் ஏரிக்கரைப் பக்கம் தூக்கி அடித்தார். சிரித்துக்கொண்டேதான் வந்து உட்கார்ந்தார். ஆனால் கேசரித் தட்டை வாங்கும்போது விரல் நடுங்கியது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் முனியப்பன். தக்காளி ஏற்றும் குட்டியானை வண்டியில் மாமா ஓட்ட, முன்சீட்டில் அத்தை, மடியில் ஒரு சேவல். பின்னால் காலித் தக்காளிக் கிரேடுகளுக்கும் கிட் பைக்கும் நடுவில் நாங்கள் இருவர். கார் பிடிக்கலாம் என்று நான் சொன்னதற்கு, சொந்த வண்டி இருக்கும்போது எதற்கு என்று கேட்டுவிட்டார் மாமா. ஒவ்வொரு வேகத்தடையிலும் கிரேடும் நானும் ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுந்தோம். புதுப் புடவையில் போன மாதத்துத் தக்காளிச் சாறு. இவரிடம், "நீங்களே ஒரு முடிவு சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "முனியப்பன் சொல்லட்டும்" என்றார்.

புளியமரங்களுக்கு நடுவில் முனியப்பன் கண்ணை உருட்டி, மீசையை முறுக்கி, அரிவாளோடு உட்கார்ந்திருந்தார். நூறு பேர் எதிரில் வந்தாலும் அவர் ஒதுங்க மாட்டார். பூசாரி வெள்ளைக்கு நந்தியாவட்டையும் சிவப்புக்குச் செவ்வரளியும் கொடுத்தார். வெள்ளை வந்தால் ஆடு, சிவப்பு வந்தால் நிறுத்திக்கொள் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். இவர் ஈர வேட்டியோடு இலைத்துண்டுகளை எடுத்துக்கொண்டு சிலைக்குப் பின்னால் போனார். சிலைக்குச் சார்த்திய செவ்வரளி மாலைகள் அங்கே குவியலாகக் கிடந்தன. வாழைநாரில் கட்டிய இரண்டு பொட்டலங்களோடு வந்து, சாமி காலடியில் போட்டார்.

இதெல்லாம் கூத்து என்று நேற்று வரை சொல்லிக்கொண்டிருந்தவள்தான் நான். எது சிவப்பு என்று தெரிந்திருந்தால் கூச்சமே இல்லாமல் அதைத்தான் எடுத்திருப்பேன். அப்பா முனியப்பா, இந்த மனுஷனை உயிரோடு என்னிடம் விட்டுவிடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே இடது பக்கப் பொட்டலத்தை எடுத்தேன். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். இவர் விழுந்து கும்பிட்டார், எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "எல்லாம் எடுக்கிற கை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஊர் உலகத்தில் இல்லாத வழக்கத்தில் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, இப்போது என் கையையே சொல்கிறார்களா? எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு வரச் சொன்னார் பூசாரி. மரத்துக்குப் பின்னால் போனேன். ஆத்திரம். நாம் எடுக்காமல் விட்ட அந்த வெள்ளைப்பூவைத்தான் பார்த்துவிடுவோமே என்று நாரை அறுத்துப் பிரித்தேன்.

அதிலும் செவ்வரளி.

பூசாரி மாற்றிக் கொடுத்துவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, நந்தியாவட்டையை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. போனால் போகட்டும் என்று விட்ட கிட் பை. ஒதுங்கிய கால். நடுங்கிய விரல். வீட்டில் நான் கார் சாவியைத் தூக்கிப் போட்டபோது, பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இலையைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் மாதிரி வந்து பொங்கல் வாங்கித் தின்றேன். உப்பில்லையா, எனக்குத்தான் தெரியவில்லையா, தெரியாது.

எங்களை ஓசூர் பஸ் ஏற்றிவிடத் தர்மபுரிக்குப் போகும் வழியில் குட்டியானையின் பின்சக்கரம் பஞ்சர். அந்த மூன்று நாளில் நான் நன்றி சொன்ன ஒரே விஷயம் அதுதான். அத்தை முன்சீட்டில் தூங்கிவிட்டார். மாமா ஜாக்கியோடு வண்டிக்கு அடியில் குனிந்தார். நான் இவரைச் சாலையோரம் தள்ளிக்கொண்டுபோய் இலையை விரித்துக் காட்டினேன்.

இலையை வாங்கித் திரும்ப மடித்தார். "கண்ணு மூடிக்குது கஸ்தூரி" என்றார். "பந்து அவன் கையை விட்டு வர்றதுக்குள்ள கண்ணு தானா மூடிக்குது. பயிற்சி நெட்ஸ்லயும் அப்படித்தான். நேத்து டென்னிஸ் பந்துக்கும் மூடிக்கிச்சு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ஓப்பனர் போய், பந்தைக் கண்டால் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்றார். டீமில் சொல்ல முடியவில்லை, அண்ணன் முகத்தைப் பார்த்தால் வார்த்தையே வரவில்லை, முனியப்பன் சொன்னதாக இருந்தால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். இதற்காகக் கடல் தாண்டி வந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. எத்தனை மாதம் அந்தப் பயத்தோடு என் பக்கத்தில் படுத்திருந்தாரோ. அதோடு சேர்ந்து கோபமும் வந்தது, வராமல் இருக்குமா?

"பழி மட்டும் என் கைக்கா?" என்றேன். "போங்க. மாமாகிட்ட நீங்களே சொல்லுங்க. இந்த ஒரு பந்தை உங்களுக்காக வேற யாரும் ஆட முடியாது."

வேட்டியை மடித்துக் கட்டினார். அப்புறம் நடந்தார். பேடு கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் போவாரே, அதே நடை, அவசரமில்லாமல். மாமா பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைவதுதான் தெரிந்தது. மாமா நட்டைத் திருகுவதை நிறுத்தவே இல்லை. நான் கிட்டே போனபோது அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"தெரியும்டா. டென்னிஸ் பந்துக்கே நீ ஒதுங்கினப்பவே தெரிஞ்சிபோச்சு. மைக்குல நோ பால் சொல்லுன்னு கையைக் காட்டினதே நான்தான். வெள்ளை வந்தா உனக்குப் பயம் போயிடும்னு பார்த்தேன்."

சக்கரத்தை அண்ணனும் தம்பியுமாக மாட்டி முடித்தார்கள். எழுந்து, கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மாமா என்னிடம் வந்தார். "கையைச் சொன்னது தப்புங்கம்மா" என்றார். அந்த மனுஷர் வாழ்நாளில் யாரிடமும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். நான், டயர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அத்தையை எழுப்பிச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, முனியப்பன் வாக்கு என்றே அவர் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கிட் பையை இவர் இறக்கவில்லை. ஊர்ப் பசங்க ஆடட்டும் என்று அண்ணனிடமே விட்டுவிட்டார். ஓசூர் பஸ்ஸில் எப்படியோ இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தேர்வாளருக்குப் போன் போட்டார். என்ஜின் இரைச்சலுக்கு மேலே, பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கும்படி, இனி ஆடவில்லை என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னார். எதிர்முனை காரணம் கேட்டிருக்க வேண்டும். பயமாக இருக்கிறது என்று அதையும் சொன்னார். போனைப் பையில் போட்டுவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பாலக்கோடு தாண்டியதும்தான் எனக்கு அது உறைத்தது.

"நம்ம கல்யாணத்துக்குப் பூ கேட்டப்பவும் நீங்கதானே பொட்டலம் கட்டினீங்க?"

"ம்."

"அதுல?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மாரண்டஹள்ளிக்குப் போகும் தக்காளி வண்டிகள் வரிசையாக நின்றன.

"ரெண்டும் நந்தியாவட்டை" என்றார். "உன் விஷயத்துல போயி சான்ஸ் எடுக்க முடியுமா?"

ஓசூர் வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.